இருபத்தாறுக்கு இருபத்தாறு

வாக்கெடுப்பில் அவர் பெயருக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

அகரவரிசையில் அவர்தான் கடைசி. தாளின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கால்வாய் வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். வேண்டாம் என்பவர்கள் ஒரு பக்கம்.

வாஷிங்டனில் டிசம்பர். செனட் சபையின் ஜன்னல்களில் பனி ஒட்டியிருந்தது.

பதினெட்டு ஆண்டுகளாக அவர் செனட்டர். அதில் பன்னிரண்டு ஆண்டுகள் இந்தக் கால்வாய் மசோதாவுக்கே போய்விட்டன. ஜனவரியில் அவருடைய மாநிலச் சட்டசபை செனட்டரைத் தேர்ந்தெடுக்கப் புதிதாக வாக்களிக்கும். கால்வாயோடு வந்தால் இன்னும் ஆறு ஆண்டு. வெறுங்கையோடு வந்தால் வேறு ஆள். அங்கிருந்து வந்த கடிதத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

எதிர்க்கட்சியின் பெனிமன் ஊரில் இல்லை. மகளுக்குக் கல்யாணம்.

போன வாரம் படிக்கட்டில் இவரை நிறுத்தி, ஜோடி சேர முடியுமா என்று கேட்டார். இவர் சரி என்றார்.

சபையின் வழக்கம் அது. ஒருவர் ஊருக்குப் போனால், எதிர்த்தரப்பில் ஒருவர் அவரோடு ஜோடி சேர்ந்து தானும் வாக்களிக்காமல் இருப்பார். எழுத்து கிடையாது. கைகுலுக்கல்தான்.

மசோதா இன்றே வரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அந்த மூவரும் சொல்லி முடித்தபோது, இருபத்தாறுக்கு இருபத்தாறு.

சமத்தை உடைக்கத் துணை ஜனாதிபதி பதவியில் யாரும் இல்லை; சமமாக நின்றால் மசோதா விழும்.

பக்கத்து இருக்கை டோரன்ஸ், அவர் கட்சிக்காரர், காதருகே குனிந்தார்.

"பெனிமன் அங்க கல்யாணச் சாப்பாட்டுல இருக்கான். ஓட்டைப் போடுங்க ஐயா. அவன் வந்து என்ன, கோவிச்சுக்குவான். அவ்வளவுதானே?"

எழுத்தர் பெயரைக் கூப்பிட்டார்.

எழுந்தார். முழங்கால் சொடக்கென்றது.

"நான் பெனிமனோடு ஜோடி சேர்ந்திருக்கிறேன். அவர் இங்கே இருந்திருந்தால், ஆதரவாக வாக்களித்திருப்பேன்."

உட்கார்ந்தார்.

"பன்னண்டு வருஷம்யா," என்றார் டோரன்ஸ். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

சபை கலைந்தது.

துக்கம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

பசிதான் வந்தது.

கோட்டுப் பையில் ஒரு ஆப்பிள் இருந்தது. பேனாக்கத்தியால் துண்டு துண்டாக நறுக்கித் தின்றார். நல்ல இனிப்பு. கத்தியைக் கைக்குட்டையில் துடைத்தார். மடக்கவில்லை.

மேசையின் இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து, காகிதங்களைக் கவிழ்த்தார். உட்பலகையில் ஐந்து பெயர்கள். இந்த மேசையில் இருந்துவிட்டுப் போனவர்கள் கீறியவை.

ஐந்தாவதற்குக் கீழே தன் பெயரைச் செதுக்கத் தொடங்கினார். எழுத்துகள் பெரிதாகிவிடாமல் பார்த்துக்கொண்டார்.

அடியில் அடுத்தவர் பெயருக்கு இரண்டு விரல் இடம் விட்டார்.