நாற்பத்து நான்காவது தெய்வம்

“ஓசையாளை ஏன் சார் கொன்னீங்க?”

தொலைபேசியில் வந்த பெண்குரலில் கோபம் இருந்தது. அழுகைக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கும் கோபம். பதிவேட்டுக்காரர் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

அந்தச் சித்திரக்கதை மாதப் பத்திரிகை அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய்ப் பதினொரு வருடமாகிறது. கதையில் வரும் தெய்வங்கள் யார் யார், யாருக்கு என்ன சக்தி, அந்தச் சக்திக்கு என்ன விலை என்று ஒரு தடித்த பதிவேட்டில் எழுதிக் காப்பது அவர் வேலை. மொத்தம் நாற்பத்து மூன்று தெய்வங்கள், ஆளுக்கு ஒரு பக்கம். புதன்கிழமை மதியம் வாசகர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதும் அவர்தான். இதுவரை ஒரு கேள்விக்கும் அவர் தடுமாறியதில்லை.

“யாரும்மா ஓசையாள்? அப்படி ஒரு தெய்வமே நம்ம கதையில கிடையாதே.”

“நல்லா இருக்கே! நூத்தம்பது இதழா வந்தவங்களை ஆறு இதழா காணோமேன்னு கேட்டா, கிடையவே கிடையாதுன்றீங்க?”

எதிர் மேசையில் மை தொட்டு வரைந்துகொண்டிருந்த ஓவியர், தலையைத் தூக்காமலே, “போன வாரம் ஒருத்தர் நம்ம இடியனுக்குப் பொண்ணு கொடுக்கிறேன்னாரு. இந்த வாரம் இதுவா?” என்றார்.

பதிவேட்டுக்காரர் அவரைக் கையமர்த்தினார். விளக்கிச் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டால் அவருக்குப் பசி தெரியாது.

“எங்ககிட்ட ஒரு விதி இருக்கும்மா. எந்தச் சக்தியும் சும்மா வராது. இடியன் ஒரு இடி எறிஞ்சா, ஒரு மணி நேரம் அவருக்குக் காது கேட்காது. கனலி ஒரு தெருவையே எரிப்பா, அப்புறம் மூணு நாள் குளிர்ல நடுங்குவா. விலை இல்லாம சக்தியை அள்ளிக் கொடுத்தா, ரெண்டாம் பக்கத்துலயே வில்லன் காலி. மிச்ச முப்பது பக்கத்துக்கு நாங்க என்னத்தைப் போடுறது? சரி, உங்க ஓசையாளுக்கு என்ன சக்தி, என்ன விலை? சொல்லுங்க பார்ப்போம்.”

மடக்கிவிட்டதாகத்தான் நினைத்தார்.

“காலடிச் சத்தத்தை வச்சே யார் வர்றாங்கன்னு சொல்லிடுவாங்க. மூச்சு மாறுறதை வச்சுப் பொய்யைக் கண்டுபிடிப்பாங்க. இருளன் வந்து ஊரோட வெளிச்சத்தை எல்லாம் விழுங்கினானே, அப்ப மத்த தெய்வமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நின்னுச்சு. இவங்கதான் எல்லாரையும் வரிசையா வெளியில கூட்டிட்டு வந்தாங்க.”

“விலை?”

“மழை சார். தகரக் கூரையில கனமழை அடிச்சா, எல்லாச் சத்தமும் அதுல கரைஞ்சிரும். இவங்களால ஓரடி எடுத்து வைக்க முடியாது. அப்ப இடியன் வருவார். கையைப் பிடிச்சு இழுக்க மாட்டார். தன் முழங்கையை நீட்டுவார், இவங்க பிடிச்சுக்குவாங்க. அதே மாதிரி, அவருக்குக் காது கேட்காத அந்த ஒரு மணி நேரம் இவங்கதான் அவருக்குக் காது.”

பதிவேட்டுக்காரர் பேனா மூடியைக் கடிப்பதை நிறுத்தினார். காது கேட்காத அந்த ஒரு மணி நேரம் இடியன் எப்படித் தப்பிக்கிறார் என்ற கேள்வி பதினொரு வருடமாக அவர் பதிவேட்டில் ஓட்டையாகவே கிடக்கிறது. அதை யாரோ அளவெடுத்துத் தைத்த மாதிரி அடைத்திருக்கிறார்கள்.

“எந்த இதழ்ல வந்தாங்க?”

“எல்லாத்துலயும்தான். நூத்திப் பதினெட்டு, ஒன்பதாம் பக்கம், பாலம் இடியுற படம். வலது ஓரத்துல நிக்கிறாங்க.”

அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்தார். பாலம் இடிந்துகொண்டிருந்தது. வலது ஓரத்தில் புழுதிதான் இருந்தது. இன்னும் இரண்டு இதழ்களைப் புரட்டினார். ஓசையாளின் நிழல்கூட இல்லை.

“சார், நான் வீட்டு வாசலைத் தாண்டவே பயந்த ஆளு,” என்றது குரல், இப்போது மெதுவாக. “ஓசையாளை நினைச்சுக்கிட்டுத்தான் தனியா பஸ் ஏறி வேலைக்குப் போகவே பழகினேன். செத்துட்டாங்கன்னா செத்துட்டாங்கன்னு சொல்லிடுங்க. இப்படி இல்லவே இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க.”

அவருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ரிசீவரைப் பொத்திக்கொண்டு ஓவியர் பக்கம் சாய்ந்தார். “கள்ளப் பதிப்புய்யா! எவனோ நம்ம புத்தகத்தைத் திருட்டுத்தனமா அச்சடிச்சு, உள்ள ஒரு தெய்வத்தையும் சொருகி விக்கிறான்.”

“கேஸ் போட்டுரலாமா?”

“போடணும். ஆனா பய மூளைக்காரன். நம்ம விதியை நம்மளைவிட நல்லாப் புரிஞ்சு வச்சிருக்கான். பிடிச்சதும் முதல்ல கை குலுக்கிட்டுத்தான் சண்டையே.”

ரிசீவரிலிருந்து கையை எடுத்தார். “அம்மா, உங்ககிட்ட இருக்கிறது எங்க புத்தகமே இல்லைன்னு நினைக்கிறேன். கடைசிப் பக்கத்து அடியில, பொடி எழுத்துல அச்சகத்தோட பேர் இருக்கும். அதைக் கொஞ்சம் படிங்க.”



“பக்கத்து வீட்டு அக்கா வந்தாத்தான் சார் படிக்க முடியும். ஆறு மாசமா அவங்கதான் எனக்குப் படிச்சுக் காட்டுறாங்க. அதுக்கு முன்னாடி எல்லாம் என் அண்ணன். அவன் கப்பல் வேலைக்குப் போயிட்டான்… எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்ல சார்.”

பதிவேட்டுக்காரர் நூற்றுப் பதினெட்டாம் இதழின் வெறும் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பக்கத்தை ஓவியர் பக்கம் தள்ளிவிட்டு, பதிவேட்டில் நாற்பத்து நான்காவது பக்கத்தைப் பிரித்தார்.

“ஓசையாள் சாகலைம்மா,” என்றார். “அங்க ஆறு இதழா ஒரே மழை. அடுத்த இதழ்ல விட்டுரும்.”