இன்னும் ஒரு சுத்து

"ஏங்க, உள்ள உயிரோட இருக்கீங்களா?"

காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களில் ஒன்று பதிலுக்கு ஆடியது.

"பேசாம இரு. சித்தப்பா முக்கியமான கட்டத்துக்கு வந்துட்டார்."

சித்தப்பா என்றால் சொந்தச் சித்தப்பா இல்லை. செல்போன் வீடியோவில் வருகிற 'ஸ்பேனர் சித்தப்பா'. முகத்தைக் காட்டவே மாட்டார். கிரீஸ் படிந்த இரண்டு கைகளும், தேன் குழைத்த மாதிரி ஒரு குரலும்தான். "உங்க கார், உங்க கை. ஒர்க்‌ஷாப் பக்கம் மட்டும் தலை வெச்சுப் படுத்துடாதீங்க தங்கங்களா" என்றுதான் ஒவ்வொரு வீடியோவையும் ஆரம்பிப்பார். வங்கிக் கவுன்ட்டரில் நாள் முழுக்க அடுத்தவர் பணத்தை எண்ணி அலுத்துப்போன நம் காசாளருக்கு அந்தக் குரல்தான் வேதவாக்கு.

போன மாதம் அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஹாரனைச் சரிசெய்தார். அன்றிலிருந்து ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடுகிறது. மழைக்காலத்துக்குச் சௌகரியம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டார்.

இன்றைக்கு அப்படிச் சமாளிக்க முடியாது. மனைவி காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவை மட்டும் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகட்டும், அந்தச் சிவப்பு டப்பாவைப் பழைய இரும்புல தூக்கிப் போட்டுடுவேன்."

சிவப்பு டப்பா, சித்தப்பா சிபாரிசு செய்த டூல் பாக்ஸ். படுக்கப்போகும் முன் அதை ஒருமுறை திறந்து, ஸ்பேனர்களை வரிசையாகத் துடைத்து வைத்தால்தான் காசாளருக்குத் தூக்கம் வரும். அது போய்விட்டால் வாழ்க்கையில் மிச்சம் இருப்பது கவுன்ட்டர்தான்.

வேலை என்னவோ சின்னது. இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டும். பழைய ஆயில் பாதி பக்கெட்டிலும் மீதி அவர் சட்டையிலும் இறங்கியாயிற்று. இனி அடியில் இருக்கிற போல்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, மேலே புது ஆயிலை ஊற்றினால் முடிந்தது.

"போல்ட்டை நல்லா முறுக்குங்க தங்கங்களா. இறுகிடுச்சா? சந்தோஷம். இப்ப இன்னும் ஒரு சுத்து" என்றது செல்போன்.

மனைவி குனிந்து பார்த்தாள். "அதான் இறுகிடுச்சே, இன்னும் ஒரு சுத்து எதுக்கு?"

"உனக்குத் தெரியுமா, சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். 'டக்' என்று ஒரு சத்தம். அதன்பிறகு போல்ட் வெண்ணெயாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"பாத்தியா, எவ்வளவு லேசாப் போகுது" என்று பெருமையோடு வெளியே வந்து, புது ஆயிலை ஊற்றினார்.

"ஏங்க, மேல ஊத்தறது கீழ வருது."

"பழசு கொஞ்சம் தங்கியிருக்கும்."

"பழசு கறுப்பா இருந்துச்சு. இது பளபளன்னு வருது."

அவரும் குனிந்து பார்த்தார். ஊற்றியது அத்தனையும் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. காசாளருக்கு அழுகையே வந்துவிட்டது. வீடியோவை மூன்று தடவை திரும்பப் பார்த்தார். சித்தப்பா சொன்னதில் ஒரு எழுத்துக்கூட அவர் மீறவில்லை.

மனைவி சிவப்பு டப்பாவைத் தூக்கி முன்சீட்டில் வைத்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்க" என்றாள்.

தெருக்கோடியில் புதிதாக ஒரு ஒர்க்‌ஷாப் திறந்திருந்தார்கள். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று இருந்த மனிதர், தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, மூச்சு வாங்க வாங்கத் தள்ளினார். குறுக்கே வந்த சைக்கிள்காரருக்கு அவள் ஹாரன் அடித்தாள். வைப்பர் ஆடியது.

ஒர்க்‌ஷாப் பெஞ்சில் ஏற்கெனவே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் முழங்கை வரைக்கும் கறுப்பு. எல்லார் மடியிலும் ஒரு சிவப்பு டப்பா. ஒருத்தரும் ஒருத்தரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போல்ட்டா?" என்று ஓரத்தில் இருந்தவர் மெல்லக் கேட்டார்.

காசாளர் தலையாட்டினார். கேட்டவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

மனைவி டப்பாவோடு இறங்கி, மூலையில் பழைய இரும்பு குவிந்திருந்த பீப்பாயை நோக்கி நடந்தாள்.

"வேணாம்மா, கெஞ்சிக் கேக்கறேன்."

"காலையிலேயே சொல்லிட்டேன்ல?" அவள் டப்பாவைத் தலைக்கு மேல் ஓங்கினாள். காசாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஐயோ, போட்டுடாதீங்கம்மா."

சத்தம் பக்கத்தில் நின்ற காருக்கு அடியிலிருந்து வந்தது. கிரீஸ் படிந்த இரண்டு கைகள் முதலில் வெளியே நீண்டன. பிறகு, தேன் குழைத்த மாதிரி அந்தக் குரல் தொடர்ந்தது:

"பத்திரமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை கிளட்ச் வீடியோ போடறேன், உங்க வீட்டுத் தங்கத்துக்கு வேணும்."