பழைய விலாசம்

ஒரு கணினிக்குள் சின்ன அறை, பெரிய அறை என்று இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒரு நாள் சின்ன அறையின் நிரல்களை எல்லாம் பெரிய அறைக்குக் குடிமாற்றினார்கள். காலியான இடத்தில் ஒரு கைகாட்டி மட்டும் நின்றது. சின்ன அறைக்கு யார் வந்தாலும் அது பெரிய அறைக்கு அனுப்பிவைக்கும்.

அப்படிக் குடிமாறி வந்த நகல் எடுக்கும் நிரலான நகலிக்கு அந்தக் கைகாட்டி மேல் சந்தேகம். 'இது யாருடைய ஆளோ?' என்று முறைத்துக்கொண்டே இருந்தது.

பிறகு மேம்படுத்தி என்ற நிரல் வந்தது. நிரல்களைப் புதுப்பித்துவிட்டு, அவற்றின் பழைய விலாசத்தில் மிச்சம் இருப்பதை அழிப்பது அதன் வேலை. முதலில் தேடும் நிரலான தேடியைப் புதுப்பித்தது.

"ஜம்முனு ஆயிட்டேன், பார்த்தியா அண்ணே!" என்று தேடி நகலியிடம் பீற்றிக்கொண்டது.

"உன் பழைய விலாசம்?" என்றது மேம்படுத்தி.

"சின்ன அறைங்க."

மேம்படுத்தி அங்கே போனது. கைகாட்டி வழக்கம்போல் பெரிய அறையைக் காட்டியது. மேம்படுத்தி திரும்பி வந்து, அங்கே நின்ற புதுத் தேடியையே பழசு என்று அழித்துவிட்டது.

"ஐயா, அது நீங்க இப்பப் புதுப்பிச்ச ஆளுங்க!" என்று நகலி பதறியது.

"விலாசம் சரியாத்தானே இருக்கு?" என்ற மேம்படுத்தி, நகலியையும் புதுப்பித்தது. "உன் பழைய விலாசம்?"

"நான் பிறந்ததே பெரிய அறையிலதாங்க."

மேம்படுத்தி கைகாட்டியைப் பார்த்தது. "அப்படியா?"

"ஆமாங்க. இவரைச் சின்ன அறைப் பக்கம் நான் பார்த்ததே இல்லீங்க" என்றது கைகாட்டி.

மேம்படுத்தி போய்விட்டது. பிழைத்துக்கொண்ட நகலிக்கு அன்றிலிருந்து நிம்மதி இல்லை. இந்தக் கைகாட்டி எதற்காக எனக்காகப் பொய் சொன்னது?