பேச்சில்லாத வீடு

பள்ளிமுனை மில்ரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உளவளத்துணையாளர் நிறஞ்சலா புத்திமதி சொல்லுவார் என்று நினைத்து வந்தான். அவரோ கேள்விதான் கேட்டார்.

"வீட்டில ஏன் ரெண்டுபேரும் கதைக்கிறேல்லை?"

"நான் தொழில் முடிஞ்சு கடலால வந்தா, சோத்தைப் போட்டு வச்சிட்டு அறைக்குள்ள போயிடுவா," என்றான்.

"இவரைக் கண்டா எனக்கு அழுகைதான் வருது," என்றாள் பக்கத்தில் இருந்த பெற்றிசியா.

"பிரிஞ்சிருக்க யோசிச்சனீங்களோ?"

மில்ரன் பெற்றிசியாவின் பக்கம் திரும்பினான்.

"ஊர்ச்சனம் அதைத்தான் சொல்லுது. பெண்சாதி செத்த பிறகும் ஏன் அந்த வீட்டில இருக்கிறாயெண்டு கேக்கினம். ஆனா மாமி, நான் போனா உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

பெற்றிசியா மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதேங்கோ தம்பி. என்ர பிள்ளையைப் பற்றிக் கதைக்க எனக்கும் வேற ஆர் இருக்கினம்?"

அன்று முழுக்க அவளைப் பற்றியே இருவரும் கதைத்தார்கள்.