கடுகளவு ஓட்டை

"தம்பி, ஓட்டை இன்னும் சின்னனா வேணும். இதுக்குள்ளால உங்கடை மீசை தெரியுது."

தகட்டின் மறுபக்கம் இருந்த கிருபைரட்ணம் மீசையைத் தடவிக்கொண்டார். உடுவிலில் இருக்கும் அவருடைய தகரப் பட்டறைக்கு, பெர்னடெட் அக்கா குருநகரிலிருந்து ஓட்டோ பிடித்து வந்திருந்தார். மாதா கோயில் பாவசங்கீர்த்தனக் கூட்டில், பாவத்தைக் கேட்கும் சுவாமிக்கும் அதைச் சொல்லும் பாவிக்கும் நடுவில் இருந்த மரச் சல்லடையைக் கறையான் தின்றுவிட்டதாம். புதுத் தகடு அக்காவின் உபயம்.

"ஏனக்கா, குருநகரில பட்டறை இல்லையோ?"

"பட்டறையும் இருக்கு, ஊர் வாயும் இருக்கு. நீங்கள் வேலையைப் பாருங்கோ."

கிருபைரட்ணத்தின் வேலை சுத்தம். துளையிட்ட இரண்டு தடித்த இரும்புத் தட்டுகளுக்கு நடுவே தகட்டைச் செருகுவார். பழைய லொறி வால்வைத் தீட்டித் தானே செய்த துளையுளியைத் தட்டின் துளைக்குள் இறக்கி ஒரே அடி. பொட்டு மாதிரி ஒரு வட்டம் கீழே விழும். ஓரத்தில் பிசிறே இராது. ஆனால் அக்காவுக்கு அந்த அளவு பிடிக்கவில்லை. கடைசியில் சைக்கிள் கம்பியைத் தீட்டி, தட்டுகளிலும் புதிதாகத் துளைபோட்டு, கடுகளவில் அடித்துக் கொடுத்தார்.

அக்கா தகட்டுக்குப் பின்னால் போய்க் குரலை ஆண்பிள்ளை மாதிரி மாற்றினார். "இப்ப ஆர் கதைக்கிறது?"

"தடிமன் பிடிச்ச பெர்னடெட் அக்கா."

"சீ!"

"எங்கடை சபையில உந்தத் தொல்லை இல்லை. நேரா ஆண்டவரோடை கதைக்கிறது. நடுவில தகரம் கிடையாது."

"ஆண்டவர் கேட்டுட்டுப் பேசாமல் இருப்பார், தம்பி. சுவாமி எட்டிப் பார்ப்பார்."

"அப்ப வேறை சுவாமியிட்டைச் சொல்லுங்கோவன்."

"இல்லை. இப்ப வந்திருக்கிற புதுச் சுவாமியிட்டைத்தான் சொல்லோணும். ஆனா நான் எண்டு அவருக்குத் தெரியக் கூடாது."

கிருபைரட்ணம் சுத்தியலைக் கீழே வைத்தார். "அப்பிடி என்னக்கா பாவம்? ஆரையும் வெட்டித் தாட்டுப் போட்டியளோ?"

அக்கா சிரிக்கவில்லை. "ஒரு பெடியன் சுவாமியா வரக் கூடாது, அவனைக் குருமடத்தால துரத்திவிடோணும் எண்டு, வருசக்கணக்கா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்."

"அட கடவுளே! அந்தப் பெடியனோடை அப்பிடி என்ன கோவம்?"

"கோவமோ? ஒரேயொரு பிள்ளை, தம்பி. கலியாணம் கட்டி ஒரு பேரப்பிள்ளையைக் காட்டுவான் எண்டு இருந்தனான்." அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "வாற ஞாயிறு உந்தத் தகட்டுக்கு அங்காலை இருக்கப் போறது அவன்தான்."