வளவனுக்குக் கிடைத்த வரம்

எட்டாம் வகுப்பில் மதிய இடைவேளைதோறும் நானே இட்டுக்கட்டிய வளவனின் கதையைச் சொல்வேன். மற்ற நேரங்களில் யாரும் என்னிடம் பேசியதில்லை. கதைக்காக மட்டும் ஏழு பேர் டிபன் பாக்ஸோடு சுற்றி உட்காருவார்கள். வளவன் ஒல்லியானவன். சிலம்பத்தில் ஒரே ஒரு சுழற்சியை இரண்டு வருடம் பழகியவன். கதை கேட்பவர்களும் அடிஸ்கேலை வைத்து அதைச் செய்து பார்த்து விரலில் அடிபட்டுக்கொள்வார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை வளவனை அரக்கனிடம் மாட்டிவிட்டேன். அவனை மீட்க எனக்கு வழி தெரியவில்லை.

"அப்ப அவனுக்கு ஒரு வரம் கிடைச்சுது. கையை நீட்டினான். அரக்கன் சாம்பலாயிட்டான்."

ஏழு பேரில் ஒருத்தியான ஜெஸிந்தா டிபன் பாக்ஸை மூடினாள்.

"அவ்ளோதானா?"

"ஜெயிச்சுட்டான்ல."

"வரம்தான ஜெயிச்சுது. அவன் எங்கடி ஜெயிச்சான்?" வீங்கிய விரலை ஊதிக்கொண்டாள். "இதுக்கா நாங்க ஒரு மாசமா அடிபட்டோம்?"

ஒவ்வொருவராக எழுந்தார்கள். திங்கட்கிழமை வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

"நில்லுங்கடி" என்றேன். அந்த வகுப்பில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. "அந்தச் சாம்பல் இன்னும் அசையுது. வரம் தீர்ந்துபோச்சு."

ஏழு பேரும் திரும்பி உட்கார்ந்தார்கள். அடுத்த வரி என்னிடம் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் பயந்தது அன்றுதான்.