பேச்சியம்மாள் எடுத்த வாளி

பேச்சியம்மாள் குனிந்து வாளியை எடுத்ததும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அமர்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா! என்ன செய்றீங்க?" என்று புஷ்பவள்ளி பதறினாள்.

"பாத்தா தெரியலையா? பால் வெட்டப் போறேன்."

சிம்பாங் ரெங்கத்தை அடுத்த அந்த ரப்பர் தோட்டத்தில் பெண்கள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. காலை பத்து மணிக்குக் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவர விடவேண்டும், கோரிக்கை அவ்வளவே. அதற்குக் காரணமே பேச்சியம்மாள்தான். போன மாதம், காய்ச்சலில் கிடந்த அவளுடைய குழந்தை, வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையில் அழுது அழுது அடங்கிப்போயிற்று. ரப்பர்ப் பாலை நிறுத்து முடிக்கும்வரை கங்காணி அவளை விடவில்லை.

"உங்க பிள்ளைக்காகத்தானே உட்காந்திருக்கோம்!"

"என் பிள்ளைதான் போயிடுச்சே. இனி எனக்கென்ன?"

"கருங்காலி!" புஷ்பவள்ளி காறித் துப்பினாள்.

பேச்சியம்மாள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"அப்படிப் போடு!" என்றான் கங்காணி மணியம். "வாளி எடுத்தவங்களுக்குத்தான் களத்தை விட்டுப் போக வழி உண்டு. சும்மா எந்திரிச்சுப் போறவங்க இன்னைக்கே தோட்டம் குடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணணும்."

பிறகு அருகில் நின்ற தோட்ட நிர்வாகியான துரையிடம் குரலைத் தாழ்த்தினான். "பத்து மணிவரைக்கும் பொறுங்க துரை. கொட்டகையில பிள்ளைங்க கத்தும். ஒவ்வொருத்தியா வாளியைத் தூக்குவா."

புஷ்பவள்ளிக்கும் அதுதான் அச்சம். அவள் மகனுக்கு மூன்று மாதம். அவன் குரல் கேட்டால் தன் கால்கள் தன் பேச்சைக் கேளா என்பது அவளுக்குத் தெரியும்.

வெயில் ஏறியது. கொட்டகையிலிருந்து ஓர் அழுகை எழுந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த ராசம்மாவின் கை வாளியை நோக்கி நீண்டது. புஷ்பவள்ளி அதை எட்டிப் பிடித்தாள்.

"எம் மவ குரல்டி அது!"

"எம் மவனும் அங்கதான் இருக்கான். கொஞ்சம் பொறு."

அழுகை சட்டென்று நின்றது. இன்னொன்று எழுந்தது, அதுவும் நின்றது. பத்து மணி கடந்தும் கொட்டகை அமைதியாகவே இருந்தது.

"அலமாக்! எல்லாம் தூங்குதா?" என்று மணியம் முணுமுணுத்தான்.

"எங்க பிள்ளைங்களும் சங்கத்துல சேந்துடுச்சு, கங்காணி" என்றாள் ராசம்மா. களமே சிரித்தது.

வெயில் ஏறிவிட்டால் மரம் பால் சுரக்காது. ஒரு நாள் விளைச்சல் போயிற்று. நாளையும் போகும் என்பதைத் துரை அந்தச் சிரிப்பிலேயே புரிந்துகொண்டார். பத்து மணிக்குத் தாய்மார்கள் போய்வரலாம் என்பதைக் கங்காணியின் வாயாலேயே சொல்லச் செய்தார்.

தாய்மார்கள் ஓடினார்கள். முதலில் நுழைந்த புஷ்பவள்ளி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஆயா வெள்ளையம்மா சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மூலையில், கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் பேச்சியம்மாள் அமர்ந்திருந்தாள். அவள் மார்பில் ஒட்டியபடி உறங்கிக்கொண்டிருந்தான் புஷ்பவள்ளியின் மகன்.

"கருங்காலி பாலுன்னு பாக்காம, வயிறு முட்டக் குடிச்சிட்டான்டி உன் மகன். மெதுவாத் தூக்கு, முழிச்சுக்கப்போறான்."